ஒட்டுப் போட்ட இடம்

எண்பத்தெட்டில் என் மகன் இலங்கையில் ரோடு போட்டுக்கொண்டிருந்தான். நான் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அங்கே அமைதிப்படையாகப் போன நம் ராணுவத்தில் பொறியாளர் பிரிவு, நான் அரசாங்கத்தில் சாலை ஆய்வாளன். குண்டு விழுந்தால் அவன் பள்ளத்தை அடைப்பான், மழை விழுந்தால் நான் அடைப்பேன், வித்தியாசம் அவ்வளவுதான் என்று ஆபீசில் சொல்லிச் சிரிப்பேன். சிரித்தால் பயம் குறையும் என்று நம்பினேன்.

எந்த ஊரில் இருக்கிறான் என்று எழுத அவனுக்கு அனுமதியில்லை. அதனால் எங்கள் கடிதங்கள் மண்ணைப் பற்றியே இருந்தன. மணல் பூமி, ஜல்லி கிடைப்பதில்லை, பனந்துண்டுகளை அடுக்கி மேலே செம்மண் கொட்டுகிறோம் என்று எழுதுவான். உடனே நான் நாலு பக்கத்துக்கு யோசனை சொல்வேன். நடுவில் மேடு வேண்டும், ஓரத்தில் சரிவு வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது.

என் மனைவி அதைப் பிடுங்கிப் படிப்பாள். "ஏங்க, புள்ள சாப்ட்டானா, தூங்குனானான்னு ஒரு வரி இருக்குதா? ஜல்லி, தாரு, ஜல்லி, தாரு. புள்ளைக்கு எழுதறீங்களா, காண்ட்ராக்டருக்கு எழுதறீங்களா?"

ஒரு கடிதத்தில் என் தொழில் பெருமையைக் கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டேன். 'பள்ளத்தை விட்டுவைக்காதே. ஒட்டுப் போட்டது தெரியாதபடி போடுவதுதான் வேலை' என்று எழுதினேன்.

பதில் வந்தது. என் மனைவி முதலில் படித்துவிட்டு, கேலி எதுவும் பேசாமல் என்னிடம் நீட்டினாள்.

'அப்பா, இங்கே பள்ளத்தைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதி. அதில் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம். ஒட்டுப் போட்ட இடம்தான் பயம். அடியில் கண்ணிவெடியைப் புதைத்து, மேலே உங்களைப் போலவே தெரியாதபடி மூடிவிடுகிறார்கள். காலையில் வண்டிகள் போவதற்கு முன்னால் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே ஒருவர் நடக்க வேண்டும். போன வாரம் வரைக்கும் ஒரு சேலத்துக்காரர் நடந்தார். இந்த வாரத்திலிருந்து நான்.'

மறுநாள் மொபெட்டில் வேலைக்குப் போகும்போது, முந்தின மாதம் நாங்கள் ஒட்டுப் போட்ட இடம் வந்தது. என் கை தானாக வண்டியை ஓரத்து மண்ணுக்குத் திருப்பியது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தார் வாளி தூக்கும் அம்மா ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"என்னங்க சார், நாம போட்ட ஒட்டு மேல நீங்களே ஏற மாட்டேங்கறீங்க! கலவ சரியில்லீங்களா?"

"கண்ணுல தூசிம்மா."

"தெனமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் கடிதமே இல்லை. என் மனைவி தபால்காரரை வாசலில் நிறுத்தி, பையைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னாள். இத்தனை வருடங்களில் நான் போட்ட ஒட்டுகள் எத்தனை என்று அந்த ஒன்றரை மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். வேறு யார் கண்ணுக்கும் படாதவை எல்லாம் எனக்குத் தெரிந்தன. மூன்று மைல் தூரத்துக்கு அரை மணி நேரம் ஓட்டினேன்.

ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், மகன் லீவில் வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். கறுத்து, இளைத்து, ஆனால் முழுசாக. அந்தப் பக்கம் வந்த என்னைக் கைகாட்டி நிறுத்தி, பெட்டியோடு மொபெட்டில் ஏறினான்.

"அம்மா நல்லாருக்குதாப்பா?"

"வூட்டுக்கு வா. சாப்ட்டியான்னு கேக்கறதுக்கு ஆறு மாசமாக் காத்திருக்குது."

சிரித்தான். முதல் ஒட்டு வந்தது. வழக்கம்போல் கைப்பிடியைத் திருப்பினேன்.

"ஏம்ப்பா வளைக்கறீங்க? நேராப் போங்க. இது நீங்க போட்டதுதான?"

நேராகவே போனேன். சக்கரம் அதில் ஏறியபோது அவன் விரல்கள் என் தோளை இறுகப் பிடித்தன. தாண்டியதும் விட்டுவிட்டான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது; வண்டி துளியும் குலுங்கவில்லை.

அடுத்த ஒட்டு நூறடியில் வந்தது. அவன் விரல்கள் மறுபடியும் என் தோளுக்கு வந்தன. நான் ஓரத்து மண்ணில் வண்டியை இறக்கினேன்.