நெல்லியடியில் நின்ற நீலப் புள்ளி

என் கணவர் மயிலிட்டியில் கடற்தொழில் செய்பவர். குடியை விட்டு இன்னும் ஒரு வருடமாகவில்லை. அதனால் அவர் எங்கே நிற்கிறார் என்று என் போனில் வரைபடத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

அன்று விடியப் போட்டில் கடலுக்குப் போனவர் மத்தியானமாகியும் வரவில்லை. போனில் கோல் எடுத்தேன், லைன் போகவில்லை. வரைபடத்தில் நீலப் புள்ளி நெல்லியடியில் நின்றது. முன்பு அவரோடு சேர்ந்து குடித்த கூட்டாளியின் வீடு அந்த வீதியில்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு யோகனும் தொழிலுக்குப் போறவர். "அண்ணையை இன்னும் காணேல்லை, தேடிப் போவமோ?" என்று வந்து கேட்டார்.

"அவர் கடலுக்கே போகேல்லை. நெல்லியடியிலை குடிச்சுப்போட்டுக் கிடக்கிறார்."

"கரையிலை போட்டைக் காணேல்லையே அக்கா. அப்ப அதுவும் குடிக்கப் போயிட்டுதோ?"

உடனே போய்த் தேடச் சொன்னேன். யோகன் ஆட்களோடு போய், எஞ்சின் பழுதாகித் தூரத்தில் அலைக்கழிந்த போட்டைக் கட்டி இழுத்து அவரைக் கரைசேர்த்தார்.

அதற்கு முதல் நாள் பின்னேரம் எஞ்சின் சாமான் வாங்க நெல்லியடியில் அதே வீதிக்குப் போனவர், போனில் சார்ஜ் குறைந்ததால் பற்றரி சேவரைப் போட்டிருக்கிறார். கடலிலும் சார்ஜ் நிற்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டார். அதோடு புள்ளியும் நகராமல் நின்றுவிட்டது. அது நேற்றைய இடம் என்று கீழே சின்னதாகப் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

இப்போது அவர் வெளிக்கிடும்போது பற்றரி சேவரை நானே நிறுத்திவிடுகிறேன். பிந்தினால், முதலில் கரைக்கு ஓடிப் போட் நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

ஆனால் நெல்லியடிக்குப் போய் வந்தால், வாசலிலேயே மறித்து வாயை ஊதச் சொல்வதை மட்டும் இன்னும் விடவில்லை.