எங்கள் ஜப்பான் செற்

புதுக்குடியிருப்பில் அந்த நாட்களில் ஒலிபெருக்கிச் செற் எடுக்க வருகிறவர்கள் முதலில் வாடகையைக் கேட்க மாட்டார்கள். "எந்த நாட்டுச் சாமான்?" என்றுதான் கேட்பார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று, பந்தலுக்கு ஆள் பிடித்தாயிற்று. ஆனால் பாட்டுப் போடுகிற பெட்டி ஜப்பானா, இந்தியாவா, உள்ளூரா என்று தெரியாமல் அந்த மனிதருக்கு நித்திரை வராது. ஊரில் மின்சாரம் இல்லை, சைக்கிளுக்கு ரியூப் இல்லை, சவர்க்காரம் கண்டால் விசேஷம். இருந்தும் பாட்டு மட்டும் ஜப்பானிலிருந்துதான் வர வேண்டும்.

குறை சொல்ல எனக்கும் வாய் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறிய நான் மடியில் வைத்திருந்தது ஒரு ஜப்பான் அம்பிளிபயரை. பிள்ளை மனைவியின் மடியில் இருந்தது. "தற்செயலா வள்ளம் கவிண்டிருந்தா எதைப் பிடிச்சிருப்பியள்?" என்று அவா பிறகு பலமுறை கேட்டிருக்கிறா.

அந்தப் பெட்டியையும் இரண்டு ஹோர்ன் குழாய்களையும் ஒரு உழவு இயந்திரத்துப் பற்றறியையும் வைத்துத்தான் புது ஊரில் தொழில் தொடங்கினேன். மூன்றாம் மாதமே அது புகைந்தது. திருத்த ஆள் தேடியபோது, கொழுத்தும் வெயிலில் வயலில் கூலிக்கு அருவி வெட்டி நெல்லறுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார்கள். மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த குடும்பம் அவருடையது. வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். காலையில் வயல், பின்னேரம் மோட்டர், ரேடியோ திருத்துகிற வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஆனால் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார். நானும் மாற்றச் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது என்று இப்போது வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மனிதரின் கையில் என் பெட்டி உயிர் பெற்றது. உதிரிப்பாகம் எதுவும் வன்னிக்கு வராத காலம். எரிந்துபோன தண்ணீர் மோட்டர்களிலிருந்து கம்பியை உருவிப் புதிதாகச் சுற்றினார். செத்த ரேடியோக்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினார். சிரட்டைக் கரியில் பற்றவைக்கிற இரும்பைக் காய்ச்சி ஈயம் வைத்தார். அடுத்த முறை வேறொன்று போகும், அதையும் மாற்றுவார். இரண்டு வருடம் இப்படிப் போன பிறகு ஒருநாள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, இனிமே இதுல ஜப்பான்னு சொல்றதுக்கு இந்தப் பேர்த் தகடும் வெளிக்கூடும்தான் மிச்சம்."

அதற்குப் பிறகுதான் தானே ஒன்று செய்தார். உள்ளே எல்லாம் அதே மாதிரி, அதே கம்பி, அதே அளவு. வெளிக்கூடு மட்டும் கூரைத் தகரத்தை மடித்து அடித்தது. நீலப் பெயின்ற் பூசி என்னிடம் கொண்டுவந்தார்.

"இதையும் நீங்களே வாடகைக்கு விடுங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். கேக்கிறவங்ககிட்ட நான் செஞ்சதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. செற் செஞ்சு தரச்சொல்லி நாலு பேர் வந்தாங்கன்னா நான் கூலிக்குப் போகாமப் பொழைச்சுக்குவேன்."

"ஓம், கட்டாயம் சொல்லுறன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

தகரப் பெட்டியை ஒருவரும் எடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒலிபெருக்கியைப் பரிசோதிக்கிற முறையே தனி. பின்பக்கம் திருப்பி எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு தூக்கிப் பார்ப்பார்கள். பாரமாக இருந்தால் ஜப்பான் என்று ஒரு கணக்கு. இதைக் கேள்விப்பட்டு அவர் பெட்டியின் அடியில் கலப்பை இரும்பு ஒன்றை வைத்துப் பூட்டினார். அடுத்து வந்தவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தியாச் சாமான்தான் தம்பி இப்பிடிப் பாரம்" என்று இறக்கி வைத்தார். இரும்பைக் கழற்றினோம். அதற்கடுத்தவர், "காத்துப்போலை கிடக்கு, உள்ளுக்கை ஒண்டும் இல்லைப்போலை" என்றார்.

பாட்டுப் போட்டுக் காட்டினால், "இரையுது" என்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த இரைச்சல் கேட்டது. ஒருநாள் மனைவியை இரண்டு பெட்டிக்கும் மாறி மாறி வயர் கொழுவச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். தெளிவாகக் கேட்டதும், "இதுதான் ஜப்பான்" என்றேன். கண்ணைத் திறந்தால் தகரப் பெட்டி பாடிக்கொண்டிருக்கிறது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. ஆனால் கண் திறந்த பிறகு மறுபடி இரையத் தொடங்கிவிட்டது. காதா, கண்ணா, எதை நம்புவது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அதைவிடக் குழப்பம் இன்னொன்று. ஒரு கோயில் திருவிழாவுக்குச் செற் பேச வந்த பெரியவரிடம், "இது இஞ்சை எங்கடை ஊரிலை ஒருத்தர் செய்தது" என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஆர் ஆள்?" என்றார்.

சொன்னேன்.

"ஓ, தோட்டத்து ஆளோ?" பெட்டியின்மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். "கோயில் காரியம் தம்பி. மற்றதையே தாரும்."

மற்றதும் அதே மனிதர் சுற்றிய கம்பிதான் என்று சொல்ல நா எழவில்லை. சொன்னால் இரண்டு பெட்டியும் படுத்துவிடும். ஜப்பான்காரன் யார், எந்தப் பகுதி, என்ன சாதி, அவனுடைய தகப்பன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவனும் யாரோ ஒரு ஏழையாக இருக்கலாம், கூலிக்காரனாக இருக்கலாம். தூரத்தில் இருப்பதால் அவனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அன்றைக்குப் பிறகு யார் கேட்டாலும் "ஜப்பான்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். பெட்டி செய்தவரோ கண்ட நேரமெல்லாம், "யாராச்சும் கேட்டாங்களாண்ணே?" என்பார். "பாப்பம், பாப்பம்" என்பேன். அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொல்லப் பழகியிருந்தேன்.

ஒரு ஆவணி மாதம் வெற்றிலையோடு வீட்டுக்கு வந்தார். மூத்த மகளுக்குக் கலியாணம். தர்மபுரத்து மாப்பிள்ளை. சந்தோஷமாக இருந்தது. அன்றைக்காவது பரிகாரம் செய்யலாம் என்று, "உம்மடை பெட்டியையே கட்டுவம். எல்லாரும் கேக்கட்டும்" என்றேன்.

"வேணாம்ணே. ஜப்பான் செற்றக் கொண்டாங்க."

"என்ன கதை இது? இரண்டும் ஒண்டுதானே!"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டுல என்ன செற்றுன்னு கேட்டாங்க. ஜப்பான்னு சொல்லிட்டேன்."

"அவையும் உங்கடை மலைநாட்டு ஆக்கள்தானே? அவையும் அப்பிடிக் கேக்கினமோ?"

"அவங்க முன்னாலேயே வந்து கடை கண்ணின்னு நல்லா இருக்காங்க. பொண்ணு போய் வாழப்போற வீடுண்ணே. அப்பன் தகரத்துல பெட்டி அடிக்கிறவன்னு ஒரு பேச்சு அங்க வரக் கூடாது."

தோட்டத்து ஆள் என்ற சொல்லுக்குப் பயந்தவன் நான்தான் என்று நினைத்திருந்தேன். இவரே இப்படிச் சொன்னால் நான் எந்தப் பக்கம் நிற்பது?

கலியாணம் காலையில். ஹோர்னைப் பாலை மரத்தில் கட்டி, குண்டு போட விமானம் வந்தால் கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். அவர் பட்டு வேட்டியும் சால்வையுமாக, ஆளே மாறி, வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு பாட்டு நின்றது. பற்றறி சரி, வயர் சரி. ஜப்பான் பெட்டிக்குள்தான் பிழை.

அவர் பந்தலுக்குள்ளிருந்து விறுவிறென்று வந்தார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மூடியில் கை வைத்தார். பின்னாலேயே வந்த மாப்பிள்ளையின் தகப்பன் அவருடைய கையைப் பிடித்துவிட்டார்.

"சம்பந்தி, கை வைக்காதீங்க! வெளிநாட்டுச் சாமான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும். செற்றுக்காரர் பாத்துக்குவார்."

அன்பாகத்தான் சொன்னார். பெண்ணின் தகப்பன் மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். எனக்கு மூடியைக் கழற்றத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கழற்றினேன். உள்ளே பார்த்தால் கம்பியும் ஈயமுமாக ஒரே காடு. சுற்றி நின்றவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு என் தோளோடு நின்றார். உதடு அசையாமல் ஒரு குரல் வந்தது.

"இடது பக்கம். தடிச்ச கம்பி. அடியில ஈயம் விட்டுப் போயிருக்கு பாருங்க."

பார்த்தேன். விட்டிருந்தது. சமையல் அடுப்பிலிருந்து தணல் எடுத்துவரச் சொல்லி, பெட்டியோடு அவர் தந்து வைத்திருந்த இரும்பைக் காய்ச்சினேன். விட்ட இடத்தில் வைத்து அழுத்தினேன்.

"அழுத்தாதீங்க. தொட்டா போதும். ம்... எடுங்க."

எடுத்தேன். பெட்டி உறுமியது. மாப்பிள்ளையின் தகப்பன் என் முதுகில் தட்டினார். "ஜப்பான் சாமானையே பிரிச்சு மேயிறாரே!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு சம்பந்தியின் பக்கம் திரும்பி, "இதெல்லாம் நம்மால ஆகுமா?" என்றார்.

"ஆகாதுங்க" என்றார் அவர்.

அவர்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று பிரிக்க முடியவில்லை. யாரோ மைக்கை என் கையில் தந்து, சரியாக வேலை செய்கிறதா என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். பந்தல் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணவறையில் அந்தப் பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தாள். ஒரேயொரு வசனம் போதும், வந்த எல்லோருக்கும் கேட்கும். வாயருகே மைக்கைக் கொண்டுபோனேன். அவர் என்னையே பார்த்தார். மிக மெதுவாக, வேறு யாருக்கும் தெரியாதபடி, தலையை ஆட்டினார். வேண்டாம்.

அவருக்காகத்தான் நிறுத்தினேனா, என் வாடகைக்காக நிறுத்தினேனா, தெரியாது.

"ஹலோ, ஹலோ" என்றேன். ஒரு துளி இரைச்சல் இல்லாமல் கேட்டது.