மூன்று பிரித் திரி

பத்து நாள் முன்பு ஒரு காலை. புனே சாங்வியில் எங்கள் ஃபிளாட்டின் வாசலில் மூன்றாம் மாடி மலர்விழி. கையில் ஒரு பழைய பிஸ்கட் டின்.

"அக்கா, எரிஞ்சு மிஞ்சின மெழுகு இருக்குதுங்களா? உருக்கிப் புதுசா செய்யலாம்னு பார்க்கறேன்."

இல்லாமலா? இங்கே தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. மிச்ச மெழுகை நான் சுரண்டிக் குப்பையில் போடுகிற ரகம்.

மலர்விழிக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை. வந்து நான்கு மாதம்தான். இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பவர்... இவரா வீடு வீடாக ஏறி இறங்கப் போகிறார்?

துணைக்குப் போனேன் – மொழிபெயர்ப்பாளராக. கீழ்வீட்டு வைஷாலி ஒரு டப்பா நிறைய மெழுகுத் துண்டுகள் கொடுத்தார். அவர் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

"முதல் மெழுகுவர்த்தி பாப்பாவுக்குத்தான்னு சொல்லுங்க்கா" என்றார் மலர்விழி. சொன்னேன்.

டின்னைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து மெழுகை உருக்கினார். கருகிய திரிகளை டீ வடிகட்டியில் வடித்தார். எண்ணெய் தடவிய டம்ளரின் நடுவே நூலை நிறுத்தி ஊற்றினார். ஆறியதும் தட்டி எடுத்தால் – வெளிர் ரோஜா நிறத்தில், அப்படி ஓர் அழகு.

எரிய வேண்டுமே? பத்தே நிமிஷத்தில் அணைந்தது. வைஷாலியின் மகள் மூன்று தரம் ஏற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் மேலே வந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"பாப்பா ஒரு குறையும் சொல்லலீங்க்கா. அதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்குது."

நானாக இருந்தால் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்து விஷயத்தை முடித்திருப்பேன். மலர்விழி மறுபடி உருக்கினார். மூன்று டம்ளர். ஒன்றில் ஒற்றை நூல், ஒன்றில் இரட்டை, ஒன்றில் மூன்று பிரிப் பின்னல். மூன்றையும் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்துவிட்டார். மெல்லிய திரி, தான் உருக்கிய மெழுகிலேயே மூழ்கிப் போகிறதாம். அகல டம்ளருக்குப் பின்னல்தான் சரி. அதையும் முதலில் மெழுகில் முக்கிக் காய வைக்க வேண்டுமாம்.

ஒரு முறை ஏமாற்றம் கொடுத்துவிட்டு அதே வீட்டுக் கதவை மறுபடி தட்டுவது சுலபமா? இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. படியில் அவர் இறங்கும்போது முணுமுணுப்பு மட்டும் கேட்டது. "ஆஜ் நஹி புஜேகா... ஆஜ் நஹி புஜேகா." இன்றைக்கு அணையாது என்கிறார். இலக்கணம் கொஞ்சம் இடித்தது. திருத்த வாயெடுத்தவள், அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கரண்ட் போனதும் நானும் கீழே போனேன். அந்தப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மலர்விழி ஒரு மூலையில் உட்கார்ந்து சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். வைஷாலி கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

கரண்ட் வந்தது. சுடர் அப்போதும் நின்று எரிந்தது. பெண் நிமிர்ந்து மலர்விழியைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம்தான் மலர்விழி டீயை எடுத்தார்.

நேற்று மூன்றாம் மாடிக்குப் போனேன். மலர்விழி வீட்டு வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு. உள்ளே மெழுகு உருகும் வாசனை; மராத்தி, இந்தி, கொங்குத் தமிழ் எல்லாம் ஒரே நேரத்தில்.

இந்தக் கட்டடத்துக்கு நான் குடிவந்து எட்டு வருஷம். என் வாசலில் இன்றுவரை என் வீட்டுச் செருப்புகள் மட்டும்தான்.