காதண்ணன் போடாத வட்டம்

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் இதை நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மூன்று மணி பத்து நிமிடத்துக்கு. நான் குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. இதில் ஒரு வரி கற்பனை என்றாலும் நான் இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

நான் குழாய் வளைக்கிறவன். திரவ நைட்ரஜன் என்று ஒன்று உண்டு. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், விரலை விட்டால் விரல் போய்விடும், அவ்வளவு குளிர். அதை ஏற்றிப் போகும் டேங்கர்களுக்கும், மீனை உறைய வைக்கும் கிடங்குகளுக்கும் எங்கள் பட்டறையில் எஃகுக் குழாய் செய்கிறோம். குழாயை வளைக்கும்போது சுருக்கம் விழாமலிருக்க உள்ளே மணலை அடைப்பார்கள். பிறகு அதைக் கழுவி எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். மணலுக்குப் பதில் தண்ணீரை ஊற்றி, ஐஸாக உறைய வைத்து வளைத்தால் என்ன? வேலை முடிந்ததும் அதுவே உருகி ஓடிவிடுமே. இது என் கண்டுபிடிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பரிசோதகரைக் காதண்ணன் என்போம். ஒவ்வொரு வளைவையும் ஸ்பானரால் மூன்று முறை தட்டி, காதை வைத்துக் கேட்பார். டிங்... டிங்... டிங். திருப்தியாக இருந்தால் மஞ்சள் மார்க்கரில் ஒரு வட்டம் போடுவார். வட்டம் இல்லாத குழாய் வாசலைத் தாண்டாது.

ஐஸில் வளைத்த முதல் ஆறு குழாய்களையும் தட்டினார். அவருக்குப் பிடிக்கவில்லை. ஐஸ் விரியும்போது உள்ளே கீறல் விழுந்திருக்கலாம், ஒரு நாள் நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைத்து, மறுபடி தட்டினால்தான் தெரியும் என்றார். ஆனால் அன்று மாலையே அவர் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மச்சினனுக்கு ஆபரேஷன்.

"ரெண்டு நாள்ல வந்துடுவேன். அதுவரைக்கும் தொடாதடா, முந்திரிக்கொட்டை."

மறுநாள் முதலாளிகள் என் கண்டுபிடிப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. குழாய்கள் வட்டமில்லாமல் கிடந்தால் என் மானம் போய்விடும். அவர் மேசையைத் திறந்து மார்க்கரை எடுத்தேன். ஆறு வட்டம் போட்டேன். அரை நிமிட வேலை.

ஒரு குழாயை எங்கள் பம்ப் அறையில், டேங்கருக்கு நைட்ரஜன் நிரப்பும் இடத்தில் மாட்டினார்கள். மற்ற ஐந்தும் எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஒரு மீன் கிடங்குக்குப் போயின.

மூன்றாம் நாள் காதண்ணன் திரும்பி வந்தபோது டேங்கரில் நைட்ரஜன் நிரப்பத் தயாராக இருந்தார்கள். வால்வைத் திறக்க அவர்தான் பம்ப் அறைக்குள் போனார். குழாயின் மேல் உறை சுற்றியிருந்ததால் அது எந்தக் குழாய் என்று அவருக்குத் தெரியாது. வளைவில் வெடித்தது. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. அறையிலிருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு அது நிரம்பிவிடும். ஆள் மயங்குவது ஆளுக்கே தெரியாது. கதவைத் திறந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் போயிருந்தார்.

விசாரணையில் உறையைப் பிரித்தார்கள். உள்ளே மஞ்சள் வட்டம். லீவில் போகிற அவசரத்தில் சரியாகத் தட்டாமலே விட்டிருக்கிறார் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

துக்கம் விசாரிக்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டாம விட்டுட்டாருன்னு சொல்றாங்களே தம்பி... அவர் அப்படி விடற ஆளா? நீங்க கூடவே இருந்தீங்களே, சொல்லுங்க."

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாதபடி ஆட்டிவிட்டு வந்தேன். பச்சை அயோக்கியத்தனம். மீன் கிடங்கின் ஐந்து குழாய்களையாவது அன்றே திருப்பி வரவழைத்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்பார்களே? வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமே? நாளைக்கு, நாளைக்கு என்று நாற்பத்து மூன்று நாள் தள்ளினேன்.

நாற்பத்து நான்காம் நாள் வார விடுமுறை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பட்டறைக்கு வந்தேன். வாட்ச்மேன் வெளிவாசலில் இருந்தார். உள்ளே நான் மட்டும். மெஷின் எதுவும் ஓடவில்லை.

மணி 3.10.

டிங்... டிங்... டிங்.

குழாய் அடுக்கும் ஸ்டாண்டின் பக்கமிருந்து வந்தது. திரும்பினேன். ஸ்டாண்ட் காலி. ஒரு குழாய்கூட இல்லை.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எலி ஸ்பானரால் தட்டுமா?

டிங்... டிங்... டிங்.

இரண்டாவது குழாய். எண்ணாமல் இருக்க முடியவில்லை. என் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மூன்று. நான்கு. நிதானமாக... அவசரமே இல்லாமல்...

பிறகு ஐந்தாவது.

டப்.

ஒரே தட்டு. கீறல் விழுந்த குழாயின் சத்தம்.

மணி 3.14.

"அண்ணே..." என்றேன்.

என் காதருகே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்...

வெளியே விடவில்லை.

ஓடினேன்.

வாட்ச்மேனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். 3.40-க்குப் போன் அடித்தது. மீன் கிடங்கின் சூப்பர்வைசர், ஒரு பெண். குழாய்களோடு போன சீட்டில் என் எண்தான் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. எங்கள் பரிசோதகர் வந்து ஐந்து குழாய்களையும் தட்டிப் பார்த்தாராம். ஐந்தாவதைத் தட்டியதும் எல்லோரையும் வெளியே போகச் சொன்னாராம். கடைசி ஆள் வாசலைத் தாண்டவும் குழாய் வெடிக்கவும் சரியாக இருந்ததாம். பதினோரு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

"ஆனா உங்க ஆள் மட்டும் வெளிய வரல சார். ரெண்டு தடவை மாஸ்க் போட்டுப் போய்த் தேடிட்டோம். மாஸ்க்ல காத்து தீரப்போகுது, இருந்தாலும் பசங்க மறுபடி உள்ள போறேங்கிறாங்க. அவர் பேரென்ன?"

யாரும் போகக் கூடாது என்று கத்தினேன். ஏன் என்று கேட்டார். இன்னொரு உயிர் என்னால் போக வேண்டாம் என்றுதான் வாய் திறந்தது. அவர் இறந்து நாற்பத்து நான்கு நாள் ஆகிறது, அந்த வட்டங்களைப் போட்டவன் நான் என்று, முகம்கூடத் தெரியாத அந்தப் பெண்ணிடம்தான் முதலில் சொன்னேன்.

அன்றே அண்ணியிடமும் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கிடங்குக்குப் போய் வாசல் பதிவேட்டைப் பார்த்தேன். பரிசோதகர் உள்ளே போன நேரம் 3.05 என்று எழுதியிருக்கிறது. வெளியே வந்த நேரம் எழுதவில்லை. அன்றிலிருந்து அந்த அறைக்குள் யாரும் தனியாகப் போவதில்லையாம். போனால், யாரோ கையைப் பிடித்து வெளியே இழுத்து விடுகிறார்களாம்.