‘கழி’ என்று ஒரு பட்டன்

1. நிற்கிற ஆட்டைக் காணும்

“எம்மா, என் செவலையக் காணும்.”

ஆபீஸ் கதவைத் திறந்த கையோடு வந்த போன் இது. கோவில்பட்டியில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மொபைல் ஆப் எழுதுவது தொழில். காணாமல் போன ஆட்டுக்கு எங்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

“யாரு பேசுதீங்க?”

“ராமக்கா. கயத்தாத்துக்குக் கிழக்க இருந்து பேசுதேன். டாக்டரம்மா போன்ல ஆப்பு ஒண்ணு போட்டுக் குடுத்தாவல்லா, அதுலதான் காணும்.”

“அக்கா, ஆட்டக் காணுமா, போன்ல காணுமா?”

“ஆடு இங்கனதான் நிக்குது. போன்லதான் காணும். நிக்குத ஆட்டக் காணும்னு நான் எங்க போயி பிராது குடுக்க?”

டாக்டரம்மா என்று அவர் சொன்னது டாக்டர் எஸ்தரை. கயத்தாறில் கால்நடை கிளினிக் வைத்திருப்பவர். சுற்றுப்பட்டு ஆடு வளர்ப்பவர்களுக்காக அவர்தான் எங்களிடம் இந்த ஆப்பைச் செய்து வாங்கினார். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பக்கம். விரலால் தள்ளினால் அடுத்த ஆடு வரும். பக்கத்தின் மேலே ஆட்டின் பெயரும் படமும். கீழே சினையா, தடுப்பூசி போட்டாச்சா என்று டிக் போடும் கட்டங்கள். டாக்டரின் போனிலும் அதே விவரம் வந்துவிடும். ஊர் ஊராகப் போய் மருந்து போடும் முகாமில் ஒவ்வொரு ஆட்டையும் பிடித்து நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்க முடியாது, அதற்குத்தான் ஆப்.

“கடைசியா எந்தப் பட்டன அமுக்குனீங்க?” என்று கேட்டேன்.

“செவலைக்கு நேத்துலருந்து வயித்தால போகுது. ‘கழி’ன்னு ஒரு பட்டன் இருந்துச்சு, விடியக்காலையில மேட்டுல நின்னு அமுக்கினேன். ‘கழிக்கவா’ன்னு திருப்பியும் கேட்டுச்சு. தண்ணியாத்தான கழியுது, ஆமான்னு போட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விற்ற ஆட்டையும் வேண்டாத ஆட்டையும் மந்தையிலிருந்து நீக்குவதைக் ‘கழித்தல்’ என்பது கால்நடைக்காரர்களின் எழுத்துத் தமிழ். டாக்டர் எஸ்தர் அந்தச் சொல்தான் வேண்டும் என்று சொல்லி வைத்த பட்டன் அது. ராமக்காவுக்குக் கழிவது என்றால் வயிற்றால் போவது. நோய் எழுதுவதாக நினைத்து ஆட்டையே ஆப்பிலிருந்து நீக்கிவிட்டார்.

“நான் செவலையத் திருப்பிக் கொண்டாந்துருதேன், நீங்க போங்க” என்றேன்.

“சரி தாயி. சிக்னலுக்காவ மேட்டுல ஏறி நிக்கேன், எறங்குனா கேக்காது. இன்னைக்கு முகாம் வேற. டாக்டரம்மா வந்துட்டாவ.” நடுவில் ஏதோ ஓர் ஆட்டைத் தெலுங்கில் அதட்டினார். போன் கட்டாகிவிட்டது.

2. இடத்துக்கு ஒரு பக்கம்

எனக்கு உட்கார்ந்து வேலை செய்ய வராது. புரியாத புரோகிராம் கோடு வந்தால் எழுந்து நடப்பேன். எங்கள் முதலாளி அண்ணாச்சி, “சொர்ணம், ஒரு எடத்துல இருங்க, கீழ் கடைக்காரன் சீலிங் ஆடுதுங்கான்” என்பார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் லேப்டாப்பைத் திறந்தேன். செவலையைத் திரும்பச் சேர்ப்பது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை.

அதற்கு முன் என் போனில் ஒரு சோதனை ஆட்டைக் கழித்துப் பார்த்தேன். அது போனது. அடுத்த ஆடு அதன் இடத்துக்கு வந்தது. மேலே அடுத்த ஆட்டின் பெயர் சரியாக இருந்தது. கீழே இருந்த டிக்குகள் கழித்த ஆட்டினுடையவை.

சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். தள்ளிப் பார்க்கும் ஆப்பில் ஒவ்வொரு பக்கமும் ஃப்ராக்மென்ட் என்ற தனித் துண்டு. அதைத் திரைக்கு எடுத்துக் கொடுக்கும் கோடுதான் அடாப்டர். எல்லாப் பக்கமும் எப்போதும் உயிரோடு இருப்பதில்லை. கண்ணெதிரே இருக்கும் பக்கமும் அதன் அக்கம்பக்கமும் இருக்கும், மற்றவற்றை போன் கலைத்துவிடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட பக்கத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அடாப்டர் இடத்தையே அடையாளமாக வைத்துக்கொள்ளும். முதல் இடம், இரண்டாம் இடம் என்று பொசிஷன்தான் அதற்கு ஐடி.

பஸ்ஸில் ஒருவர் கயத்தாறில் இறங்க, பின்னால் இருந்தவர் முன் சீட்டுக்கு நகர்ந்து உட்காருகிறார். கண்டக்டர் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்து, “நீங்க கயத்தாறுதான, எறங்குங்க” என்கிறார். எங்கள் ஆப் செய்தது அதுதான். செவலை போனதும் அந்த இடத்துக்கு அடுத்த ஆடு வந்தது. அந்த இடத்தின் பழைய பக்கத்தை அடாப்டர் கலைக்கவில்லை. பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகும்போது தானாக சேவ் ஆகும். செவலையின் டிக்குகள் அடுத்த ஆட்டின் பெயரில் சேவ் ஆகியிருக்கும்.

இந்த ஆப்பின் கோடு எழுதியவன் பெங்களூருக்குப் போய்விட்டான். பொறுப்பு என் கைக்கு வந்தபோதே இதை முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அண்ணாச்சி கேட்கவில்லை. “ஓடுத ஆப்புல எதுக்குக் கை வைக்கீங்க? ஓடுதவரைக்கும் ஓடட்டும்” என்றார்.

சர்வரில் ராமக்காவின் மந்தையைத் திறந்தேன். செவலைக்கு அடுத்த ஆடு வெள்ளச்சி. முந்தின நாள் வரை ‘சினை: ஆம்’. இன்று ‘சினை: இல்லை’.

இன்று முகாம் என்று ராமக்கா சொன்னது அப்போதுதான் உறைத்தது. என்ன முகாம் என்று டாக்டர் எஸ்தருக்கே போன் செய்து கேட்கலாம் என்று எடுத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. கிளினிக்குக்குப் போட்டேன். உதவியாளர் பெண் எடுத்தாள்.

“குடல்புழு மருந்து முகாம்க்கா. இந்த மருந்து இளஞ்சினை ஆட்டுக்கு மட்டும் ஆகாது, குட்டிக்குச் சேதம் வந்துரும். அதான் டாக்டர் காலையில இங்கருந்தே எல்லா ஆட்டையும் போன்ல எறக்கிக்கிட்டுப் போயிருக்காவ. அங்க டவர் கிடையாதுல்லா.”

சர்வரில் ‘ஆம்’ என்று திருத்தினேன். அதனால் என்ன பயன்? டாக்டரின் போனில் இருந்தது காலையில் இறக்கிய நகல். ராமக்காவுக்குப் போட்டேன், அடிக்கவே இல்லை.

“அண்ணாச்சி, வண்டிச் சாவியக் குடுங்க.”

“என்ன சொர்ணம், சர்வர் விழுந்துட்டா?”

“ஆடு விழுந்துரும் போலருக்கு.”

3. மட்கார்டில் கரிசல்

நாலுவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே அண்ணாச்சியின் பழைய ஸ்கூட்டரை விரட்டினேன். போகிற வழியெல்லாம் மனதில் புரோகிராம் கோடுதான் ஓடியது. வேறு யார் யார் ‘கழி’யை அமுக்கியிருப்பார்கள்? எத்தனை மந்தையில் எந்த ஆட்டின் டிக் எந்த ஆட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது? வண்டி ஓட்டிக்கொண்டே விடை கண்டுபிடிக்க முடியாது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

கயத்தாறிலிருந்து கிழக்கே திரும்பி, ஊருக்குப் பிரியும் மண்பாதையில் இறங்கினேன். முந்தின நாள் மழை. கரிசலைத் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மட்கார்டுக்குள் மண் அப்பி முன்சக்கரம் சுற்ற மறுத்தது. குச்சியால் நோண்டி எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அப்பியது. வண்டியைப் பருத்திக்காட்டு ஓரமாக விட்டுவிட்டு நடந்தேன். செருப்பிலும் மண் ஏறி ஆளே உயர்ந்துவிட்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் பெங்களூர்க்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது.

வேப்பமரத்தடியில் டாக்டர் எஸ்தர் மருந்துப் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ராமக்கா குட்டிகளைப் பட்டிக்குள் விரட்டிக்கொண்டிருந்தார்.

“வெள்ளச்சிக்குக் குடுத்துட்டீங்களா டாக்டர்?”

“குடுத்தாச்சே. ஏன்?”

“அது சினை.”

டாக்டர் போனை எடுத்துப் பார்த்தார். “இல்லைன்னுல்லா போட்டிருக்கு.”

ராமக்கா திரும்பினார். “அது சினைதான். கெடா சேந்த அன்னைக்கே நான் டிக்கு போட்டேனே. அதுல இருக்கும், டாக்டரம்மா பாத்துக்கிடுவாவன்னுதான் நான் வாயத் தொறக்கல.”

மூன்று பேரும் வெள்ளச்சியைப் பார்த்தோம். அது வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று சொன்னேன். டாக்டர் என் மேல் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“ஒண்ணும் ஆகாமலும் போகலாம், ஆகவும் செய்யலாம். ஈனுனாத்தான் தெரியும்” என்றார்.

“என் ஆடு சினைன்னு எனக்குத் தெரியும், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா” என்றார் ராமக்கா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. டாக்டர் பெட்டியை மூடினார். நான் காலில் இருந்த மண்ணைச் சுரண்டினேன்.

4. வெள்ளச்சியின் பக்கம்

திரும்பி வந்ததும் செவலையை ஆப்பில் சேர்த்துவிட்டு அடாப்டரை மாற்றி எழுதினேன். பொசிஷனைத் தூக்கிவிட்டு, ஆட்டின் காதில் குத்தியிருக்கும் தோட்டின் எண்ணையே பக்கத்துக்கு ஐடியாக வைத்தேன். ஓர் ஆடு நீங்கினால் அதன் பக்கமும் கூடவே போய்விடும். யார் எங்கே நகர்ந்தாலும் வெள்ளச்சியைக் கேட்டால் வெள்ளச்சிதான் வரும். ‘கழி’யை எடுத்துவிட்டு ‘விற்றாச்சு’ என்று போட்டேன். அண்ணாச்சி இந்த முறை தடுக்கவில்லை. மற்ற மந்தைகளையும் சர்வரில் ஒவ்வொன்றாகத் துருவினேன். வேறு யாரும் அந்தப் பட்டனைத் தொட்டிருக்கவில்லை.

ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேறு ப்ராஜெக்ட் ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் வெள்ளச்சியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அதில் என்ன தெரியும்? ‘சினை: ஆம்’ என்று நான் வைத்த டிக் தெரியும். ராமக்காவுக்கு ஓயாமல் போன் செய்தேன். ஒரு நாள் அவருக்கே அலுத்துவிட்டது.

“எம்மா, நீ கேக்குத கேள்விக்கு ஆடு பதில் சொல்லாது. நேரம் வந்தா நானே மேட்டுல ஏறிக் கூப்பிடுதேன்.”

அப்புறம் நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. போன் அடித்தாலே நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

கடைசியில் ஒரு காலையில் அவரே கூப்பிட்டார்.

“வெள்ளச்சி ஈனிட்டு. ரெண்டு குட்டி.”

“நல்லாருக்காக்கா?”

“ஒண்ணு பால் குடிக்குது. ஒண்ணு கால் கோணிப் போயி செத்துப் பொறந்துச்சு.”

மருந்தால்தானா என்று டாக்டர் எஸ்தரிடம் பிறகு கேட்டேன். ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பக்கத்தைத் தேடும்போது எத்தனாவது என்று கேட்காதீர்கள், எது என்று கேளுங்கள். பட்டனில் ஒரு சொல்லை வைக்கும் முன் அதை அமுக்கப் போகிறவரிடம் வாசிக்கக் கொடுங்கள். இரண்டும் சின்ன விஷயம்தான். செய்து முடிக்க அரை நாள் கூட ஆகாது.

அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு ராமக்கா போனை வைக்கவில்லை. மேட்டுக் காற்றுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்.

“ஏம்மா, குட்டிகளப் போன்ல ஏத்தணும்லா. உசுரோட இருக்குததுக்குப் பட்டன் இருக்கு. செத்துப் பொறந்ததுக்கு எத அமுக்க?”

அப்படி ஒரு பட்டன் நாங்கள் வைத்திருக்கவில்லை.