கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் ஒரு பெயர்

என் தங்கச்சி பிறந்து ஐந்து வாரமாகியும் அவளுக்குப் பெயர் இல்லை.

பத்து வாரம் முந்திப் பிறந்தவள். ரொறன்ரோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஏழாம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், அப்பாவின் முழங்கை நீளத்துக்குக் கிடந்தாள். மூக்கிலும் காலிலும் குழாய்கள். மற்றப் பெட்டிகளின் தலைமாட்டுச் சுவரில் பெயர் எழுதிய அட்டை ஒட்டி, பக்கத்தில் பூவோ கரடியோ கீறியிருந்தார்கள். எங்கள் அட்டையில் ‘பெண் குழந்தை’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே அப்பாவின் பெயர் மட்டும்.

பிள்ளைகளே, எங்கள் ஆட்கள் பிறந்த நேரத்தைச் சாத்திரியாரிடம் கொடுத்து, நட்சத்திரம் பார்த்து, அவர் சொல்லும் எழுத்தில்தான் பெயரைத் தொடங்குவார்கள். முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற பிறப்புத் தீட்டைக் கழித்துப் பெயர் வைப்பது வழக்கம். அது தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா கொழும்பில் இருந்த பெரியப்பாவுக்கு நேரத்தைத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். எழுத்துகள் கடிதத்தில் வரவேண்டும். முப்பத்தோராம் நாளும் போய்விட்டது.

“இஞ்சத்தை நேரத்தைச் சொல்லிப்போட்டன். அவர் அங்கத்தை நேரமெண்டு நினைச்சிட்டார். திருப்பிப் பாக்கினமாம்” என்றார் அப்பா.

பார்க்டேலில் எங்கள் கட்டடத்தில் கீழ்மாடி அன்ரி விடவில்லை. “உந்த நாலு எழுத்துக்கு ஏன் அண்ணை கொழும்பு மட்டும் போறியள்? இஞ்சையும் சாத்திரியார் இருக்கிறார்தானே.”

“எங்கட சாத்திரியார்தான் பாக்கவேணும்.”

ராகு காலம் என்றாலே சிரிக்கிற மனிதர் இப்படிச் சொன்னது எனக்குப் புதினமாக இருந்தது. ஆனால் ஒன்பது வயதில் அப்பாவைக் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. எனக்கு வேறு வேலையும் இருந்தது. வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காகப் பேசக்கூடியவன் நான்தான். நேர்ஸ் ஒவ்வொரு நாளும் பெயர் கேட்பா. “கடிதம் வரவேணுமெண்டு சொல்லு” என்பார் அப்பா. “பெயர் தபாலில் வருகிறது” என்று நான் ஆங்கிலத்தில் சொல்வேன். நேர்ஸ் ஒரு கணம் என்னைப் பார்ப்பா. பிறகு என்னைக் கண்டால், “தபால்காரன் வந்தானா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டா.

அந்தக் கிழமை வகுப்பில், தங்கள் தங்கள் பெயரின் கதையைச் சொல்லும்படி ரீச்சர் கேட்டிருந்தார். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் கிரேக்கப் பிள்ளை; பெயர் ஸோயி. எழுந்து நின்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். ஸோயி என்றால் உயிர், வாழ்வு. வேதாகமத்தைக் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்தவர்கள் முதல் பெண்ணுக்கே அந்தப் பெயரைத்தான் போட்டார்களாம். பிறகு ஒரு மகாராணிக்கும் இருந்ததாம். அவளுடைய தகப்பனின் ஊரில் தெருவில் நின்று “ஸோயி!” என்று கூப்பிட்டால் ஆறு யன்னல் திறக்குமாம். இப்போது கிரேக்கர் அல்லாதவர்களும் அதை வைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கோபம்.

“உன் தங்கச்சியின் பெயர் என்ன?” என்று இடைவேளையில் கேட்டாள்.

“இன்னும் இல்லை.”

“எங்கள் வீட்டு மீனுக்கே பெயர் இருக்கிறது!”

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா வேலையில். நாங்கள் கைகழுவிக்கொண்டு நிற்கும்போதே தங்கச்சியின் பெட்டியில் மணி அடித்தது. ஒரு நேர்ஸ் ஓடினா. பிறகு மூன்று பேர். அவர்களின் முதுகுகளுக்கு இடையால் ஒரு சின்னப் பாதம் தெரிந்தது. அது நீலமாக இருந்தது.

உடனே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார் டொக்டர். நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டா.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது எங்கள் நேர்ஸ் என்னிடம் குனிந்தா. “போகிற வழியெல்லாம் அவளோடு கதைத்துக்கொண்டு போகப்போகிறேன். என்ன சொல்லிக் கூப்பிட?”

அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தா.

“ஸோயி” என்றேன்.

“அம்மா வைத்த பெயரா?”

“ஓம்” என்று தமிழில் வந்துவிட்டது. தலையையும் ஆட்டினேன்.

நேர்ஸ் பேனாவை எடுத்து அட்டையில் பெரிதாக எழுதிவிட்டு ஓடினா. “ஸோயி, ஸோயி” என்ற குரல் லிஃப்ற் கதவு மூடும் வரைக்கும் கேட்டது.

அப்பா வேலைச் சப்பாத்தோடு வந்தபோது பெட்டி நின்ற இடம் வெறுமையாக இருந்தது. சுவரில் அட்டை மட்டும்.

“உது ஆர் எழுதினது?”

நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

“உன்னட்டைத்தான் கேக்கிறன். ஆரடா பேர் வைக்கச் சொன்னது? நேர்ஸைக் கூப்பிட்டு உதைக் கழட்டச் சொல்லு. இப்பவே சொல்லு!”

அவருடைய குரல் நடுங்கியது. கோபத்தில் என்றுதான் நான் நினைத்தேன். சத்தம் கேட்டு வேறொரு நேர்ஸ் வந்தா. என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டா.

“அப்பா உங்களுக்கு நன்றி சொல்கிறார்” என்றேன்.

அவ அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனா. அந்த அளவு ஆங்கிலம் அப்பாவுக்கும் விளங்கும். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா கதிரையில் இருந்தார். கோட்டின் உள்பொக்கற்றிலிருந்து ஒரு நீலக் கடிதத்தை எடுத்து மடியில் வைத்திருந்தார். பெரியப்பாவின் கையெழுத்து. மூலைகள் தேய்ந்துபோயிருந்தன. ஆனால் உறை உடைக்கப்படவில்லை.

“வந்து ரெண்டு கிழமை” என்றார், அம்மாவைப் பார்க்காமல்.

“தெரியும். கோட்டுத் தோய்க்க எடுக்கேக்க கண்டனான்” என்றா அம்மா.

“பிறகேன் கேக்கேல்லை?”

“நீங்கள் ஏன் உடைக்கேல்லை?”

எனக்கோ பொல்லாத கோபம். கடிதத்தைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, தபாலில் வருகிறது என்று என்னை இரண்டு வாரம் சொல்ல வைத்திருக்கிறார்கள்! பெரிய ஆட்களின் பொய்க்கு யார் அடிப்பது என்று யோசித்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்து எங்கள் நேர்ஸ் வந்தா. “ஸோயி திரும்பி வந்துவிட்டாள்” என்றா. நான் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா எழுந்து கதவுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் கடிதத்தை உடைத்தார்கள். அதிலிருந்த எழுத்தில் ஒரு நீளமான தமிழ்ப் பெயர் பதிவுக்குப் போனது. ஆனால் அந்த அட்டையை அப்பா கழற்ற விடவில்லை. இன்றைக்கும் உங்கள் மாமியை வீட்டில் எல்லோரும் ஸோயி என்றுதானே கூப்பிடுகிறோம்.

அவர்கள் ஏன் அந்த உறையை உடைக்கவில்லை என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. மூத்தவனே, நீ பிறந்த அன்று உன்னையும் அப்படி ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். நேர்ஸ் பெயர் கேட்டா. நானும் உன் அம்மாவும் ஆறு மாதத்துக்கு முன்பே தெரிவுசெய்து வைத்த பெயர். நுனிநாக்கில் நின்றது. அதைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு நீ திரும்பி வராவிட்டால் என்ற பயத்தில் எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்தில் நின்ற மாமிதான் உன் பெயரைச் சொன்னா.