அண்ணனின் வலது காது

தம்பியின் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. அந்த ஆணி தம்பியின் நெஞ்சில் ரொம்ப வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. அண்ணன் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் இல்லை, ஜெயிலிலும் இல்லை. எங்கிருந்தோ நாலு பேர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர் மைதானத்துக்கு வந்து ராக் கச்சேரி செய்கிறார்கள் என்று விடிந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டார். கல்யாணப் போட்டோவில் தம்பிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும். அது யாருக்கு விட்ட இடம் என்று பிள்ளைகள் கேட்டால், "உங்க பெரியப்பனுக்கு. பாட்டு கேக்கப் போயிருக்காரு, வந்துடுவாரு" என்பான் தம்பி.

அண்ணனிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கே கேட்பது? இரண்டு பேருக்கும் ஒரே டிங்கர் பட்டறையில் வேலை. அடிபட்டு நசுங்கி வரும் கார், வேனின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிற இடம். காலையில் சுத்தியல் விழ ஆரம்பித்தால் சாயங்காலம்தான் ஓயும். சண்டை போடுவதற்குக்கூட ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குக் கேட்க வேண்டும் இல்லையா?

அண்ணனுக்கு அந்தப் பாட்டு ஒட்டிக்கொண்டதே பட்டறையில்தான். முகம் நசுங்கி வந்த ஒரு காரில் கேசட் சிக்கிக் கிடந்தது. கார் ஓனர் "நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் கேசட்டில் பாடிய ராக் பேண்டுதான். என்ன பாஷை, என்ன பாடுகிறார்கள், ஒரு எழவும் தெரியாது. "அர்த்தம் புரிஞ்சா அதுக்கும் சேத்துக் கவலைப்படணும்டா. புரியாம இருக்கறதுதான் நிம்மதி" என்பார். அவர் தப்பும் தவறுமாக முணுமுணுக்கும் வார்த்தைகளைக் கேட்டால் அந்த நாலு பேரும் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு விவசாயம் பார்க்கப் போயிருப்பார்கள்.

சுத்தியல் அவருடைய இடது காதை எப்போதோ தின்றுவிட்டது. வலது காதை வைத்துக் காலத்தை ஓட்டினார். அதைக் காப்பாற்றத்தான் பட்டறையில் ஒரு பழக்கம் வந்தது. அண்ணனின் இரண்டு கையிலும் கிரீஸும் தகரத் தூளும் இருக்கும். அதனால் பெரிய அடி அடிக்கப் போகும்போது தலையை லேசாகச் சாய்ப்பார். தம்பி சட்டைப் பையிலிருந்து பஞ்சைக் கிள்ளி முதலில் தன் காதில் திணித்துக்கொள்வான், பிறகு அவர் வலது காதில் திணிப்பான். பேச்சே கிடையாது. ஒருவர் சாய்ப்பார், ஒருவன் அடைப்பான்.

இந்த வருஷம் அவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. வலது கன்னம் காது வரைக்கும் மரத்துப்போனது. சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டு, ரத்தம் சட்டையில் சொட்டிய பிறகுதான் தெரியும் அவருக்கு. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காது நரம்பில் கட்டி, எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் அந்தக் காதும் கேட்காது என்றார். அண்ணி அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வர்ற சனிக்கிழமைக்கு அப்புறம் வெட்டலாமா டாக்டர்?"

"ஏன், வீட்ல ஏதாவது விசேஷமா?"

"கச்சேரி."

அதே பேண்டு. எல்லாரும் கிழவர்களாகிவிட்டார்கள், இதுதான் கடைசிச் சுற்று என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஆபரேஷன் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது.

"நீங்க கூடப் போங்க தம்பி" என்றாள் அண்ணி. "அவருக்கு நடை தள்ளாடுது. கூட்டத்துல விழுந்து வச்சா மிதிச்சுட்டுப் போயிடுவாங்க. கடைசியா ஒரு தடவை காது குளிரக் கேட்டுட்டு வரட்டும்."

தம்பிக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அண்ணனின் கன்னம் மாதிரியே அவன் நெஞ்சும் மரத்துக் கிடந்தது. சரி என்று தலையாட்டினான்.

கால்பந்து மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. வரிசையில் பாதிப் பேர் முட்டி வலிக்காரர்கள், மீதிப் பேர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள். அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன தடவை இப்படி உக்கார இடமெல்லாம் இல்லடா. ஒரே சேறு" என்றார் திடீரென்று.

"போன தடவைன்னா?"

"உன் கல்யாணத்தன்னிக்குத்தான். சரியான மழை. ரெண்டே பாட்டு. கரண்டை நிறுத்திட்டு எல்லாரையும் விரட்டி விட்டுட்டான். பஸ்ஸும் கிடைக்கலை. நனைஞ்ச கோழி மாதிரி விடிய விடிய ஒரு கடை வாசல்ல உக்காந்திருந்தேன்."

"ரெண்டு பாட்டுக்கா என் கல்யாணத்தை விட்டீங்க?"

"போகும்போது ரெண்டுன்னு தெரியுமாடா?"

இத்தனை வருஷம் கோபத்தைக் கட்டிக் காத்தது ஒரு முழுக் கச்சேரிக்குக்கூட இல்லை. சிரிப்பதா, அடிப்பதா என்று தம்பிக்குத் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது. அவனும் நகர்ந்தான்.

அண்ணனின் நல்ல காது மேடைப் பக்கம் இருக்கும்படி இடம் பார்த்து, தடுப்புக் கம்பி ஓரமாக அவரை நிறுத்தினான். அந்த நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பாட்டுக்காரருக்கு வயிறு முன்னால் வந்தது. டிரம்ஸ்காரருக்கு ஒரு ஃபேனைத் தனியாக வைத்திருந்தார்கள். அவர் குச்சியை ஓங்கி முதல் அடி அடித்தார். தம்பியின் விலா எலும்பு அதிர்ந்தது. கூட்டம் எழுந்து கத்தியது.

அதன் பிறகு அண்ணன் அசையவே இல்லை.

ஒரு பாட்டு போனது, இன்னொரு பாட்டும் போனது. முன்னால் நின்ற கிழவர் ஒருவர் வேட்டைக்குத் தப்பிய மான் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தார். அண்ணன் மட்டும் நட்டு வைத்த கம்பம். தம்பி அவர் முகத்துக்கு நேராக வந்து, "எப்படி இருக்கு?" என்று கையால் கேட்டான்.

அண்ணன் தலையை ஆட்டினார். வாயசைவு தெரிந்தது. "போயிடுச்சுடா."

"என்னது?"

"காது. போயிடுச்சு. எங்கியோ பக்கத்துத் தெருவுல பாடற மாதிரி இருக்கு."

 அண்ணி கேட்டால் என்ன சொல்வது என்று தம்பி யோசித்தான். நன்றாகக் கேட்டார் என்று சொல்லிவிடலாம். அண்ணன் எப்படியும் மறுத்துச் சொல்ல மாட்டார். போய்விடலாமா என்று சைகை காட்டினான். அண்ணன் வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். கேட்காத பாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார்.

வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்தபோதுதான் தம்பி அதைப் பார்த்தான். அண்ணனின் வலது காதுக்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது.

அவன் கை தானாகத் தன் காதுக்குப் போனது. அங்கேயும் இருந்தது.

முதல் அடி விழுந்தபோது அண்ணன் தலையைச் சாய்த்திருக்கிறார். இவன் பையில் கை விட்டு, கிள்ளி, அடைத்திருக்கிறான். பட்டறையில் செய்கிற மாதிரியே. சாய்த்தவருக்கும் தெரியவில்லை, அடைத்தவனுக்கும் தெரியவில்லை. மரத்துப்போன காதுக்குப் பஞ்சு என்ன, பாறை என்ன?

தம்பி விரலை விட்டுப் பஞ்சை உருவினான்.

அண்ணன் யாரோ முதுகில் அறைந்ததுபோல் ஒரு அடி பின்னால் போனார். வாய் திறந்தது. மேடையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"ஸ்பீக்கர்ல கோளாறாம்ணே! இப்பத்தான் சரி பண்ணாங்களாம்!" என்று கத்தினான் தம்பி.

அண்ணன் அவன் கையைப் பிடித்து விரித்தார். உள்ளங்கையில் பஞ்சு உருண்டை இருந்தது.

"முட்டாப்பயலே" என்றார்.

திட்டுவார் என்று நின்றான்.  அவர் கம்பிக்கு மேல் உடம்பை வளைத்து, வலது காதை மேடைக்குக் கொடுத்து நின்றார். பாட்டுக்காரருக்கு உச்சக் குரல் ஏறவில்லை. ஏறாத இடத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி ஒப்பேற்றினார். அண்ணன் தன் தப்பு வார்த்தைகளை உரக்கப் பாடினார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி தன் காதுப் பஞ்சை எடுக்க மறந்து, பாட்டை விட்டுவிட்டு அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். விளக்கைப் போட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"இந்தத் தடவையும் ரெண்டு பாட்டுதானாடா?" என்றார் அண்ணன்.

"மூணு."

"முன்னேற்றம்தான்."

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குப் பச்சை உடுப்பு மாட்டி, வலது காதுக்குப் பின்னால் முடியை மழித்திருந்தார்கள். அண்ணி அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது பேசுங்கள் தம்பி, இப்போது பேசினால்தான் உண்டு என்று கண்ணால் கெஞ்சினாள்.  இத்தனை வருஷம் பேசாத நாக்கு, அவசரம் என்றால் மட்டும் புரளுமா? "போர்வை போதுமா?" என்று கேட்டான் தம்பி. "போதும்" என்றார் அண்ணன்.

ஆள் வந்து கட்டிலைத் தள்ளினான். கதவு வரைக்கும் போனதும் அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். தம்பியைக் கூப்பிட்டு, அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"டேய். இனிமே நான் உன் வாயைப் பாத்துத்தான் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும். அது எங்க தெரியுது, கருவேலம்புதர் மாதிரி மறைச்சுக்கிட்டு இருக்கு. நான் வெளிய வர்றதுக்குள்ள அந்த மீசையை எடுத்துடு."